அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி பூமி முழுவதையும் மூடுமா? தானியேல் 11:41 குறித்து ஒரு கேள்வி

தாமிரபரணிக்கரை:

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் வேதபாட வகுப்பில் மூன்று மாதங்களாகத் தானியேல் புத்தகத்தைப் படித்து வருகிறோம். அடுத்த வாரம் 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. வகுப்பை நடத்தும் பொறுப்பு இப்போது என்னிடம் இருப்பதால் முன்கூட்டியே ஆயத்தம் செய்தேன். அப்போது, இத்தனை ஆண்டுகள் வாசித்தும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு வசனத்தில் நின்றுவிட்டேன்.

கடைசிக்காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் ராஜாவாகிய அந்திக்கிறிஸ்து உலகம் முழுவதையும் ஆளுவான் என்றுதான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது வெளிப்படுத்தல் 13:7. ஒவ்வொரு கோத்திரத்தின்மேலும் பாஷைக்காரர்மேலும் ஜாதிகள்மேலும் மிருகத்துக்கு (அவனை அங்கே அப்படித்தான் அழைக்கிறது) அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆனால் தானியேல் 11:41இல், அதே ராஜா சிங்காரமான தேசத்திற்குள் (இஸ்ரவேலுக்குள்) நுழைந்து அநேக தேசங்களைக் கவிழ்க்கும்போது, ஏதோமும் மோவாபும் அம்மோன் புத்திரரில் பிரதானமானவர்களும் அவன் கைக்குத் தப்பிப்போவார்கள் என்று இருக்கிறது. மூன்று வசனம் தள்ளி, கிழக்கிலும் வடக்கிலுமிருந்து வரும் செய்திகள் அவனைக் கலங்கப்பண்ணுகின்றன. பூமி முழுவதும் அவன் கையில் இருந்தால் தப்பிப்போக இடம் ஏது? தன் ஆளுகைக்குள்ளே இருக்கிற திசையிலிருந்து வரும் செய்தி அவனை ஏன் கலங்கப்பண்ண வேண்டும்?

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பெரியம்மாவுக்கு 78 வயது. பல ஆண்டுகளுக்கு முன் அவரை ஆதார் எடுக்க அழைத்துப்போனவன் நான்தான். பத்து விரல்களையும் கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்தச் சொல்லி, கருவிழியைப் படமெடுத்தார்கள். வீடு திரும்பியதும் அவர் கிணற்றடியில் உட்கார்ந்து சோப்பு போட்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன். “ஒலகம் பூரா அவன் கைக்குள்ள வந்துட்டுன்னா நாம எங்க போய் நிப்போம்?” என்றார். அந்தக் கேள்விக்கு வேதத்திலிருந்து நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்திருக்கிறேன். ஊகத்தை விட்டு வசனத்தோடு நின்று விளக்குகிறவர்களின் பதிலை எதிர்பார்க்கிறேன்.

எஸ்றா வேதபாரகன்:

அன்புள்ள சகோதரருக்கு,

தங்கள் பெரியம்மாவின் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கைரேகை வைத்தது, வலதுகையிலோ நெற்றியிலோ தரிக்கும் மிருகத்தின் முத்திரையாகிவிடுமோ என்பதுதான் அந்தப் பயம். வெளிப்படுத்தல் 13ஆம் அதிகாரத்தில் அந்த முத்திரை தனியாக வரவில்லை. மிருகத்தின் சொரூபத்தை வணங்குவதும் முத்திரையைத் தரிப்பதும் அங்கே சேர்ந்தே வருகின்றன. 14:9இல் மூன்றாம் தூதன் எச்சரிப்பதும் மிருகத்தை வணங்கி அதன் முத்திரையைத் தரித்துக்கொள்ளுகிறவனைத்தான். இன்னார் என்று அறியாமலும், யாரையும் வணங்காமலும், ரேஷன் பொருளுக்காகக் கைரேகை வைத்த மூதாட்டி அந்த வசனத்துக்குள் வரமாட்டார். இதை அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

இனித் தங்கள் கேள்வி. ஆட்சியின் பரப்பைப் பொறுத்தவரை, “ஒவ்வொரு” என்பதை உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கோத்திரம், பாஷை, ஜனம், ஜாதி என்று அடுக்கிச் சொல்லும் இந்தச் சொற்றொடர் சிறு மாறுதல்களோடு வெளிப்படுத்தல் புத்தகத்தில் ஏழு இடங்களில் வருகிறது (5:9, 7:9, 10:11, 11:9, 13:7, 14:6, 17:15). ஆட்டுக்குட்டியானவர் தமது இரத்தத்தினால் மீட்டுக்கொண்டவர்களைப் பற்றி 5:9இல் இதே சொற்கள் வரும்போது, மீட்பு ரோமப் பேரரசின் எல்லையோடு நின்றுவிட்டது என்று நாம் யாரும் சொல்வதில்லை. 14:6இல் தூதன் நித்திய சுவிசேஷத்தை அறிவிக்கும்போதும் அப்படித்தான். அங்கெல்லாம் முழு உலகம் என்று வாசித்துவிட்டு, 13:7க்கு வந்ததும் மத்தியதரைக் கடலோரம் என்று சுருக்குவது ஒரே ஆசிரியரின் ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகோல் வைப்பதாகும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 13:7இல் மூன்று சொற்களே இருக்கின்றன; மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் “ஜனம்” என்ற நான்காவது சொல்லும் இருக்கிறது. அதைச் சேர்த்து வாசித்தால் 5:9உடன் உள்ள ஒற்றுமை இன்னும் துலங்கும்.

அடுத்து, முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் தடை வருகிறது. சிறியோர், பெரியோர், ஐசுவரியவான்கள், தரித்திரர், சுயாதீனர், அடிமைகள் என்று ஆறு வகையினரைச் சொல்லி எல்லாரையும் அதற்குள் அடைக்கிறார் யோவான். இப்படி அடைக்கிற ஒருவர் ஓர் எல்லைப்புற மாகாணத்தை மட்டும் மனதில் வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் ஏதோம் எப்படித் தப்புகிறது? தானியேல் 11:40 முதல் 45 வரை உள்ள பகுதி ஒரு படையெடுப்பின் வர்ணனை. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது எந்தப் படை எந்த வழியாகப் போகிறது, எது விழுகிறது, எது விழவில்லை என்று அங்கே சொல்லப்படுகிறது. யுத்தத்துக்கு நடுவில் எடுத்த படத்தை வைத்து, முடிந்த ராஜ்யத்தின் எல்லையை அளக்க முடியாது. அதோடு, ஏதோமும் மோவாபும் அம்மோனும் இன்றைய யோர்தான் நாட்டின் பகுதிகள். அம்மான் என்ற தலைநகரின் பெயரிலேயே அம்மோன் இருக்கிறது. யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகும்படி மத்தேயு 24:16இல் கர்த்தர் சொன்னார். வெளிப்படுத்தல் 12:14இல் ஸ்திரீ வனாந்தரத்துக்குப் பறந்துபோய் ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் போஷிக்கப்படுகிறாள். ஏசாயா 16:4இல், துரத்தப்பட்ட ஜனங்களுக்கு அடைக்கலமாயிருக்கும்படி மோவாபிடம் சொல்லப்படுகிறது. இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த நிலப்பகுதி தன் பலத்தினால் தப்பவில்லை, தேவன் தம்முடைய ஜனத்துக்காக ஒதுக்கிவைத்த இடமாகத் தப்புகிறது என்று நான் நம்புகிறேன். இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், ஏதோமின் பாறை நகரமான பெட்ராதான் அந்த இடம் என்று பல போதகர்கள் சொல்கிறார்கள். வசனத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆகையால் அதை நான் போதிப்பதில்லை.

பழைய திருப்புதல்:

எஸ்றா ஐயா எழுதியதில் முத்திரையைப் பற்றிய பகுதியை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆட்சியின் பரப்பில் மாறுபடுகிறேன்.

“எல்லாம்”, “உலகமெங்கும்” என்ற சொற்கள் ராஜாக்களைப் பற்றிய பேச்சில் வரும்போது வேதம் அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் மனப்பாடமாகச் சொல்லும் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டும் என்று அகுஸ்துராயனால் கட்டளை பிறந்தது (லூக்கா 2:1). அந்தக் கட்டளை ஐபிராத்து நதிக்கு அப்பால் பார்த்திய ராஜ்யத்தில் செல்லாது. சீனாவில் செல்லாது. கொங்கு நாட்டு மண்ணிலிருந்து அகுஸ்துவின் தலை பொறித்த வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அவனுடைய காசு நம் ஊர் வரை வந்தது. அவனுடைய குடிமதிப்புக்காரன் வரவில்லை. அதற்காக லூக்கா தவறாக எழுதினார் என்று யாரும் சொல்வதில்லை. அவர் பயன்படுத்திய “ஒய்க்குமேனே” என்ற கிரேக்கச் சொல் குடியிருப்புள்ள உலகத்தைக் குறிக்கும். அக்கால வழக்கில் ரோமர்களின் உலகத்துக்கே அது பெயராயிருந்தது.

தானியேல் புத்தகத்துக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2:39இல் வெண்கலமான மூன்றாம் ராஜ்யம் “பூமியையெல்லாம் ஆண்டுகொள்ளும்” என்று இருக்கிறது. அதைக் கிரேக்க ராஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் நம்மில் பெரும்பாலோர், அலெக்சாந்தர் கி.மு. 326இல் பஞ்சாபின் பியாஸ் நதிக்கரையில் தன் படையாலேயே மறுக்கப்பட்டுத் திரும்பினான் என்பதை அறிவோம். 4:1இல் நேபுகாத்நேச்சார் பூமியெங்கும் குடியிருக்கிற சகல ஜனத்தாருக்கும் ஜாதியாருக்கும் பாஷைக்காரருக்கும் எழுதுகிறான். யோவான் பயன்படுத்தும் அடுக்குச் சொற்றொடரின் பிறப்பிடமே அதுதான். அது பாபிலோன் அரண்மனையின் மொழி. அரண்மனை எப்போதும் அப்படித்தான் பேசும். நம் நாட்டுக் கல்வெட்டுகளில் “திரிபுவனச் சக்கரவர்த்தி” என்று பட்டம் பூண்ட சோழர்களும் பாண்டியர்களும் ஒரே காலத்தில் அடுத்தடுத்த நாடுகளில் இருந்திருக்கிறார்கள்.

இனி, 5:9ஐ ஐயா எடுத்துக்காட்டியதற்கு என் பதில். அங்கே ஒவ்வொரு கோத்திரத்திலும் ஜாதியிலும் “இருந்து” மீட்கப்பட்டவர்கள் நிற்கிறார்கள். கூட்டத்தில் எல்லா வகையினரும் இருக்கிறார்கள் என்பது பொருள். 13:7இல் மிருகத்துக்கு எல்லார் “மேலும்” அதிகாரம் வருகிறது. இரண்டிலும் அடுக்குச் சொல் ஒன்றுதான், வாக்கியம் வேறு. தானியேல் 7:14இல் சகல ஜனங்களும் ஜாதியாரும் பாஷைக்காரரும் மனுஷகுமாரனுக்கு ஒப்பானவரையே சேவிக்கும்படி கர்த்தத்துவம் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவருக்குரியதை இந்த மிருகம் தன்னுடையதாகக் காட்டிக்கொள்கிறது. போலியின் உரிமைக்கோரிக்கை எவ்வளவு அகலமானது என்பதை 13:7 சொல்கிறது. அந்தக் கோரிக்கை எங்கெங்கே நிறைவேறிற்று என்பதற்கு அது கணக்குக் கொடுக்கவில்லை.

அதே அதிகாரத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மிருகத்துக்குப் பெருமையானவற்றைப் பேசும் வாய் கொடுக்கப்பட்டது. நாற்பத்திரண்டு மாதம் யுத்தம்பண்ண அதிகாரம் கொடுக்கப்பட்டது. பரிசுத்தவான்களை ஜெயிக்கும்படி கொடுக்கப்பட்டது. இந்தக் “கொடுக்கப்பட்டது” காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. எதையும் அது தானாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் அளந்து கொடுக்கிறார். மூன்றரை ஆண்டு என்று காலத்தையும் அளக்கிறார். 17:12இல் பத்து ராஜாக்கள் ஒருமணி நேரமளவுக்கு மிருகத்துடனேகூட அதிகாரம் பெறுகிறார்கள். 17:17இல் அவர்களுடைய இருதயங்களில் அப்படி ஏவினவர் தேவன். பரப்பைப் பற்றிய கேள்விக்கு இந்த அளந்து கொடுக்கும் கையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

பத்து ராஜாக்கள் என்றதும் ஓர் எச்சரிக்கை. 1981இல் கிரேக்க நாடு சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உறுப்பினர்கள் பத்தானபோது, பத்துக் கொம்புகள் முளைத்துவிட்டன என்று பலரும் பிரசங்கித்தார்கள். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாயிற்று. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். செய்தித்தாளை ஒரு கையில் வைத்துக்கொண்டு எல்லையை வரைந்தவர்களின் வரைபடங்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “அந்தி” என்ற ஒலி தமிழில் மாலையையும் முடிவையும் நினைப்பூட்டுவதால், கடைசிக்காலக் கிறிஸ்து என்று பொருள் கொள்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கிரேக்கத்தில் “அந்தி” என்றால் எதிராக, பதிலாக என்று பொருள். பதிலாக வந்து உட்காருகிறவன் என்ற பொருள், மேலே சொன்ன போலி உரிமையோடு நன்றாகப் பொருந்துகிறது.

தாமிரபரணிக்கரை:

இருவருக்கும் நன்றி. லூக்கா 2:1ஐ இந்தக் கோணத்தில் நான் எண்ணியதே இல்லை. ஒரு சந்தேகம் மட்டும். 16:14இல் பூலோகமெங்குமுள்ள ராஜாக்களை அசுத்த ஆவிகள் யுத்தத்திற்குக் கூட்டிச்சேர்க்கின்றன. அவர்கள் ஏற்கெனவே மிருகத்தின் கீழ் இருந்தால் அற்புதங்களைச் செய்து கூட்டிச்சேர்க்க வேண்டிய அவசியம் என்ன? இல்லையென்றால், இறுதியில் எப்படி எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்?

மறைநூல் மாணவி:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் திருவிவிலியத்தில் இச்சொல் “எதிர்க் கிறிஸ்து” என்றே இருப்பதால் “அந்தி” குறித்த குழப்பம் எங்களுக்கு இல்லை. இந்தச் சொல் வருவது யோவானின் முதல் இரண்டு திருமுகங்களில் மட்டுமே. திருவெளிப்பாட்டிலும் (நீங்கள் வெளிப்படுத்தல் என்பது) தானியேலிலும் இச்சொல் ஓரிடத்திலும் இல்லை. கொடிய விலங்கையும் (உங்கள் மொழிபெயர்ப்பில் மிருகம்), தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் நெறிகெட்ட மனிதனையும், தானியேலின் சிறிய கொம்பையும், எதிர்க் கிறிஸ்துவையும் ஒரே ஆளாக இணைத்தவர்கள் தொடக்கத் திருச்சபையின் தந்தையர். அவர்களுள் 180ஆம் ஆண்டையொட்டி எழுதிய இரேனியு, அவன் இவ்வுலகிலுள்ள யாவற்றையும் பாழாக்குவான் என்றும், மூன்று ஆண்டும் ஆறு மாதமும் ஆண்டு எருசலேம் கோவிலில் அமர்வான் என்றும் சொல்கிறார். ஆகையால் உலகளாவிய ஆட்சி என்ற கருத்து மிகப் பழையது என்பதில் எஸ்றா ஐயாவின் பக்கம் வலுவானது.

ஆனால் தானியேல் 11ஐ அதன் வரலாற்றுப் பின்னணியோடு வாசிக்காமல் இக்கேள்வி அவிழாது என்று கருதுகிறேன். அந்த அதிகாரத்தில் 21ஆம் வசனம் முதல் வரும் “வடநாட்டு மன்னன்”, சிரியாவை ஆண்ட கிரேக்க வம்சத்து அரசன் நான்காம் அந்தியோக்கு எப்பிபான். தன் காசுகளில் “வெளிப்பட்ட கடவுள்” என்று தன்னைக் குறித்துக்கொண்டவன். கி.மு. 168இல் எகிப்தை ஏறக்குறைய விழுங்கிவிட்ட நிலையில், அலெக்சாந்திரியாவுக்கு வெளியே உரோமைத் தூதர் பொப்பிலியு லேனா அவனை எதிர்கொண்டார். அரசன் கைநீட்டினான், தூதர் கைகுலுக்காமல், ஆட்சிமன்றத்தின் ஓலையை அந்தக் கையில் வைத்தார். நண்பர்களைக் கலந்து பதில் சொல்கிறேன் என்றான் அரசன். தூதர் தம் கையிலிருந்த கோலால் மணலில் அவனைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, இதைத் தாண்டுவதற்கு முன் பதில் சொல் என்றார். வெளிப்பட்ட கடவுள் எகிப்தை விட்டுத் திரும்பிப் போனான். தானியேல் 11:30இல் கித்திம் கப்பல்கள் வருவதும் அவன் மனமுடைந்து திரும்புவதும் இதுதான். அந்த அவமானத்தின் சினத்தோடு அவன் எருசலேமின்மேல் பாய்ந்தான், கி.மு. 167இல் கோவில் தீட்டுப்பட்டது.

இதுவரை வரலாறும் நூலும் அடிக்கு அடி ஒத்துப்போகின்றன. 11:40 முதல் ஒத்துப்போகவில்லை. மறுபடியும் எகிப்தை வென்றதாக வரலாறு இல்லை. கடலுக்கும் திருமலைக்கும் இடையே அவன் முடிவு வரவும் இல்லை, கி.மு. 164இல் பாரசீகத்தில் இறந்தான். 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய போர்பிரி, அதிகாரத்தின் இறுதிவரை வருவதும் அந்தியோக்கைப் பற்றியதே என்றார். 407இல் தானியேலுக்கு உரை எழுதிய புனித எரோணிமு அவருக்கு மறுமொழி சொன்னார். 11:21 முதல் வருவன அந்தியோக்கிடம் முன்னிழலாக மட்டுமே தோன்றின, எதிர்க் கிறிஸ்துவிடமே நிறைவேறும் என்பது அவர் வாதம். இன்று நாம் நடத்தும் உரையாடல் அந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சிதான்.

ஆகவே ஏதோம், மோவாபு, அம்மோன் என்ற பெயர்கள் அந்தியோக்கின் படைவழியோடு தொடர்புடையவை என்று கருதுகிறேன். கடற்கரையோரமாக எகிப்துக்கு இறங்கும் படை யோர்தானுக்குக் கிழக்கே இருக்கும் மலைநாடுகளைத் தொடாமலே போகும். எஸ்றா ஐயா “நடுவில் எடுத்த படம்” என்று சொன்னதற்கும் இது அருகில்தான் வருகிறது. ஆனால் அதை 21ஆம் நூற்றாண்டின் யோர்தான் நாட்டுக்கு நேராகப் பொருத்தத் தயங்குகிறேன்.

தாங்கள் கேட்ட 16:14க்கு அதற்கு இரண்டு வசனம் முன்னால் விடை தொடங்குகிறது. யூப்பிரத்தீசு (ஐபிராத்து) வற்றிப்போகிறது, கிழக்கிலிருந்து வரும் அரசர்களுக்கு வழி உண்டாகிறது. யோவானின் முதல் வாசகர்களுக்கு அந்த ஆறு உரோமைப் பேரரசின் விளிம்பு. அதற்கு அப்பால் பார்த்தியர். அந்த அரசர்கள் கொடிய விலங்கின் குடிகளாக இருந்திருந்தால் அவர்களுக்கு ஆற்றை வற்றவைத்து வழி திறக்க வேண்டியதில்லை. அவர்கள் வெளியே இருந்தார்கள். கடவுளுக்கு எதிராக ஒரே நாளில் ஒன்று சேர்கிறார்கள். ஒரே பகைவனை எதிர்க்கத் திரண்டதனாலேயே அவர்கள் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தார்கள் என்று ஆகிவிடாது.

எஸ்றா வேதபாரகன்:

சகோதரி எழுதிய ஐபிராத்து நதியைப் பற்றிய குறிப்பு என்னை யோசிக்கவைத்தது. அது தேவகோபத்தின் ஏழு கலசங்களில் ஆறாம் கலசம். நாற்பத்திரண்டு மாதத்தின் கடைசிப் பகுதி. முழு உலகத்தின்மேலும் அதிகாரம் பெற்றவனுக்கு எதிராகவே அந்தக் கடைசி நாட்களில் கிழக்கும் வடக்கும் கலகம் செய்யத் தொடங்குகின்றன, தானியேல் 11:44இல் வரும் செய்தி அதுவே, என்று நான் இதுவரை வரிசைப்படுத்தியிருந்தேன். அந்த வரிசையை இன்னமும் விட்டுவிடவில்லை. ஆனால் “கலகம்” என்ற சொல்லை வசனம் சொல்லவில்லை, நான் சேர்த்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செய்திகள் என்று மட்டுமே இருக்கிறது.

பழைய திருப்புதல் அவர்களுக்கு ஒரு வார்த்தை: உரிமைக்கோரிக்கை வேறு, நிறைவேற்றம் வேறு என்ற தங்கள் பிரிவினை அழகாக இருக்கிறது. ஆனால் 13:8இல் பூமியில் குடியிருக்கிற யாவரும் அதை வணங்குவார்கள் என்று வருகிறதே. அது கோரிக்கை அல்ல, நடப்பு.

பழைய திருப்புதல்:

உண்மை, ஐயா. அது என் வாதத்துக்குக் கடினமான வசனம்தான். ஆனால் அந்த வாக்கியத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. ஆட்டுக்குட்டியானவருடைய ஜீவபுஸ்தகத்தில் பேரெழுதப்பட்டிராதவர்களாகிய யாவரும் என்று சொல்லி முடிக்கிறார் யோவான். தானியேல் விலக்கி வைத்தது மூன்று நாடுகளை. யோவான் விலக்கி வைத்தது பேர்களை. நாட்டெல்லையால் அவன் ஆட்சி நிற்கிறதா என்பதில் நாம் வேறுபடலாம்; அந்தப் புஸ்தகத்தின் முன்னால் அது நின்றுபோகிறது என்பதில் நமக்குள் வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

தாமிரபரணிக்கரை:

நேற்று மாலை பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்காரவைத்து 13ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு “கொடுக்கப்பட்டது” வரும்போதும் நிறுத்தி, யார் கொடுத்தது என்று கேட்டேன். முதல் இரண்டு முறை வலுசர்ப்பம் என்றார். இரண்டாம் வசனத்தில் அப்படித்தான் இருக்கிறது, அவர் சொன்னது சரி. நாற்பத்திரண்டு மாதம் வந்ததும் சற்று யோசித்து, “மாசக்கணக்க வலுசர்ப்பமா வைக்கும்?” என்று அவரே கேட்டார். எட்டாம் வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்று முறை வாசித்தேன். ஆதாரைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஏதோம், மோவாபு குறித்து இரண்டு விளக்கங்களையும் வைக்கப்போகிறேன். மணலில் வரைந்த வட்டத்தையும் சொல்வேன். அதற்கு அடுத்த வாரம் 12ஆம் அதிகாரம். 11ஆம் வசனத்தில் 1290 நாள், 12ஆம் வசனத்தில் 1335 நாள். நாற்பத்திரண்டு மாதம் 1260 நாள் என்றால் மீதியுள்ள 30 நாளும் 75 நாளும் யாருடைய ஆட்சிக்காலம்? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கேயும் வாருங்கள்.